செல்களின் நாற்றங்கால்

நுழையும்முன்

உடலின் பழுதைச் சீராக்க உயிருள்ள செல்களையே மருந்தாக்கும் முறை செல் சிகிச்சை எனப்படுகிறது. மருந்தாகும் முன்னர் அச்செல்கள் பெரும்பாலும் சில நாள்கள் உடலுக்கு வெளியே வளர வேண்டியுள்ளது. அந்நாள்களில் அவற்றுக்கு உணவு எது? அது எங்கிருந்து வருகிறது? உண்டது பின்னர் எங்கே போகிறது?

கொள்ளிடத்துக் கீழணையிலிருந்தும் வீராணம் ஏரியிலிருந்தும் தண்ணீர் வாய்க்கால்களில் இறங்கியதும், சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் வட்டாரங்களில் சம்பா நாற்றங்கால்கள் பச்சை பிடிக்கத் தொடங்கும். எட்டு சென்ட் நிலத்தில் நெருக்கி விதைத்து வளர்க்கும் நாற்று, ஓர் ஏக்கர் வயலுக்குப் போதுமானது. நாற்றுப் பறிப்போர் வேரில் பற்றிய சேற்றைக் காலில் தட்டி உதறிய பின்னரே முடி கட்டுவர். எவ்வளவு உதறினாலும் நாற்றங்காலின் மண் சிறிதளவேனும் நாற்றோடு நடவு வயலுக்குப் போய்ச் சேரும்.

ஆய்வகத்தில் மனிதச் செல்களை வளர்ப்போரும் ஒருவகையில் நாற்றங்கால் அமைப்பவர்களே. சிறு துணுக்குத் திசுவை எடுத்து, கண்ணாடித் தட்டிலோ நெகிழிக் குடுவையிலோ வைத்து, உணவூட்டிப் பெருக்கி, நோயாளியின் உடலில் நடுகின்றனர். நடும்முன் செல்களைப் பலமுறை கழுவுகின்றனர். ஆயினும் வளர்ந்த இடத்தின் உணவுப்பொருள்களில் ஒரு பகுதி செல்களின் புறப்பரப்பில் ஒட்டியும் உள்ளே கலந்தும் அவற்றோடு போய்விடுகிறது. உவமை பொருந்தாத இடமும் ஒன்றுண்டு. நாற்றங்கால் மண்ணால் நடவு வயலுக்குத் தீங்கில்லை. செல்லோடு உடலுக்குள் நுழையும் அயற்பொருளைப் பற்றி அவ்வாறு உறுதி கூற இயலாது.

வளர்க்கப்படும் செல்களுள் முதன்மையானவை குருத்தணுக்கள். வாழைக் குருத்து இலையாக விரிய, அதன் அடியில் அடுத்த குருத்து எழுவதுபோல, இவை பிரியும்போது ஒரு பங்கு குருத்தணுவாகவே எஞ்சுகிறது. மறுபங்கு தோலாகவோ குருதியாகவோ எலும்பாகவோ முதிர்கிறது. பெரியவர் உடலில் இவை மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜையின் பல்லாயிரம் செல்களுள் ஒன்றே இரத்தக் குருத்தணு. கண்ணில் அவை குடியிருக்கும் இடம் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே.

சுண்ணாம்பு சுட்ட கண்

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் கண்ணாடிபோல் அமைந்திருப்பது கார்னியா. அதன் மேற்பரப்புச் செல்கள் இடையறாது உதிர்கின்றன. இடையறாது புதியன தோன்றுகின்றன. புதியனவற்றை வழங்கும் குருத்தணுக்கள், தெளிந்த கார்னியாவும் வெண்விழியும் சந்திக்கும் ஓரத்தில் உள்ளன. லிம்பஸ் என்னும் அவ்வளையத்தின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே. காரமோ அமிலமோ அவ்வளையத்தைச் சுட்டு அழித்துவிட்டால், வெண்விழியின் மேற்படலம் இரத்த நாளங்களோடு கார்னியாவின்மீது படர்கிறது. சன்னல் கண்ணாடியில் கொடி படர்ந்ததுபோலப் பார்வை மறைகிறது. இறந்தவர் கொடையாக அளித்த கார்னியாவைப் பொருத்தினாலும் பயன் நிலைப்பதில்லை. சன்னல் புதியதே, கொடியைத் தடுக்கும் வேலிதான் இல்லை.

நம் நாட்டில் இவ்விபத்துக்குத் தனிக்காரணம் ஒன்றுண்டு. வெற்றிலை, புகையிலையோடு சேர்ப்பதற்காகச் சிறு பொட்டலங்களில் விற்கப்படும் ஈரச் சுண்ணாம்பு, விளையாடும் குழந்தைகளின் கையில் அமுங்கிக் கண்ணில் பீய்ச்சுவதைக் கண் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்துள்ளனர். சுண்ணாம்பு ஒரு காரப்பொருள். பொதுவாக அமிலத்தைவிடக் காரமே கண்ணுக்குள் ஆழமாக ஊடுருவும். சுவருக்கு வெள்ளையடிப்போருக்கும், கடலூர் சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் வேதிப்பொருள்களைக் கையாள்வோருக்கும் இவ்வபாயம் உண்டு. கட்டுரைப் பொருளுக்குச் சற்றுப் புறம்பானதெனினும் இங்கே ஒன்றைக் கூறியாக வேண்டும்: சுண்ணாம்பு கண்ணில் பட்ட நொடியிலேயே தூய நீரால் கழுவத் தொடங்கி, அரைமணி நேரம் வரையிலும் விடாது கழுவ வேண்டும். மருத்துவமனைப் பயணம் அதன் பின்னரே.

ஒரு கண் கெட்டு மறு கண் நலமாக இருந்தால், நல்ல கண்ணின் லிம்பசிலிருந்து குருத்தணுக்களை எடுத்துக் கெட்ட கண்ணில் வைக்கலாம். ஆனால் பெரிய துண்டை வெட்டினால், இருக்கும் ஒரு நல்ல கண்ணுக்கும் கேடு வரலாம். எனவே மிகச் சிறிய துணுக்கை எடுத்து, வெளியே வளர்த்துப் பெருக்க வேண்டியதாயிற்று. இத்தாலியில் கிராசியெல்லா பெல்லெக்ரினியும் அவர்தம் குழுவினரும் இம்முறையில் இருவருக்குச் சிகிச்சையளித்து 1997இல் அதனை வெளியிட்டனர். அவர்களது நாற்றங்காலில், மனிதச் செல்களுக்குத் துணையாகப் பெருகும் ஆற்றல் நீக்கப்பட்ட எலிச் செல்கள் பரப்பப்பட்டிருந்தன.

சீரம் உரைக்கும் செய்தி

செல்களுக்கான அடிப்படை உணவு எளிமையானது. குளுக்கோசு, உப்புகள், அமினோ அமிலங்கள், வைட்டமின்கள் ஆகியன கரைந்த நீரே வளர்ப்பூடகம். தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் பயிருக்கு எவ்வாறோ, இவை செல்லுக்கு அவ்வாறு. எத்தனை அமினோ அமிலங்கள், எத்தனை வைட்டமின்கள் இன்றியமையாதவை என்பதை 1955இல் ஹாரி ஈகிள் என்னும் அமெரிக்க அறிவியலாளர் வரையறுத்துக் காட்டினார். எல்லாவற்றையும் அளந்து இட்ட பின்னரும் அவருடைய ஊடகத்துக்குச் சிறிதளவு சீரம் தேவைப்பட்டது. சீரத்தை நீக்கினால் செல்கள் உயிரோடிருந்தும் பெருகவில்லை.

இரத்தம் உறைந்தபின் எஞ்சும் வைக்கோல் நிறத் தெளிநீரே சீரம். உறையாமல் தடுத்துப் பிரித்தெடுத்தால் கிடைப்பது பிளாஸ்மா. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருப்பினும், 1970களில் செய்த ஆய்வுகளில் சீரத்தில் நன்கு பெருகிய செல்கள் பிளாஸ்மாவில் அவ்வாறு பெருகவில்லை. காரணம் இரத்தத் தட்டுகளில் இருந்தது. காயம்பட்ட இடத்தில் இரத்தம் உறையும்போது, தட்டுகள் தம் நுண்பைகளில் சேமித்து வைத்த புரதங்களை வெளியிடுகின்றன. அவையே வளர்ச்சிக் காரணிகள். உடலினுள் ஒரு செல் சீரத்தைச் சந்திப்பது காயத்தின்போது மட்டுமே. ஆகவே சீரம் செல்லுக்கு வெறும் உணவன்று. 'இங்கே புண் உள்ளது, பெருகி மூடுக' என்னும் செய்தி.

அத்தகைய காரணிகளுள் ஒன்று கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்திய ஸ்டான்லி கோகன், இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய அவற்றின் கண்கள் மிக முன்னதாகவே திறந்ததைக் கண்டார். மேற்றோல் செல்களை விரைந்து வளரச் செய்யும் அப்புரதம் மேற்றோல் வளர்ச்சிக் காரணி எனப் பெயர் பெற்றது. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்த ரீட்டா லெவி மொண்டால்சினியுடன் அவர் 1986ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். எலிக்குஞ்சின் கண்ணைத் திறந்த அதே காரணி, மனிதக் கார்னியாவின் செல்களை வளர்க்கும் ஊடகத்தில் இன்று சேர்க்கப்படுகிறது.

கன்றின் சீரமும் அதன் சிக்கலும்

செல் வளர்ப்பில் நீண்டகாலமாகக் கோலோச்சி வருவது கன்றுக்கருச் சீரம். இறைச்சிக்கூடத்தில் சினைப்பசு வெட்டப்படும்போது அதன் வயிற்றிலுள்ள கருவின் குருதியிலிருந்து இது பிரிக்கப்படுகிறது. கருவின் குருதியில் வளர்ச்சிக் காரணிகள் மிகுதி, எதிர்ப்பொருள்கள் குறைவு. பத்து விழுக்காடு கலந்தால் ஏறத்தாழ எந்தச் செல்லும் வளரும். ஆய்வுக்கு இதைவிட வசதியானது வேறில்லை. மருந்துக்கு என்னும்போதுதான் சிக்கல் எழுகிறது.

ஒவ்வொரு தொகுதிச் சீரமும் வேறுபட்டது. ஒன்றில் நன்கு வளர்ந்த செல் மற்றொன்றில் சுணங்கும். 1986இல் பிரிட்டனில் மாட்டுப் பித்த நோய் கண்டறியப்பட்ட பிறகு, கால்நடைக் குருதி வழியே மனிதருக்குத் தொற்று பரவலாம் என்னும் அச்சம் வலுத்தது. அதனினும் நுட்பமான இடர் ஒன்றை 2005இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். மாடு, எலி முதலிய பாலூட்டிகளின் செல்பரப்பில் காணப்படும் ஒருவகைச் சர்க்கரை மூலக்கூறை மனித உடல் உருவாக்குவதில்லை. அதற்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நம் குருதியில் உள்ளன. எலிச் செல்களோடும் விலங்குச் சீரத்தோடும் வளர்ந்த மனிதக் குருத்தணுக்கள், அச்சர்க்கரையை உட்கொண்டு தம் மேற்பரப்பிலேயே அணிந்திருந்தன. அத்தகைய செல்களை உடல் பகையெனக் கருதித் தாக்கக்கூடும். கழுவினால் நீங்கும் சேறன்று இது. நாற்றின் உடம்பிலேயே ஊறிவிட்ட ஒன்று.

நோயாளியின் குருதியே உணவாக

இச்சிக்கலுக்கு எளிய விடை ஒன்றை ஐதராபாத்திலுள்ள எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனம் நடைமுறையில் காட்டியது. 'மனோகரா' திரைப்படத்தை இயக்கிய அதே எல்.வி. பிரசாத்தின் பெயரைத் தாங்கிய நிறுவனம் இது. விரேந்தர் சங்வான், கீதா வேமுகந்தி முதலியோர் 2001 முதல் அங்கே லிம்பஸ் செல்களை வளர்த்துப் பொருத்தினர்.

நலமான கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள துணுக்கு எடுக்கப்படுகிறது. அதனை நுண்துண்டுகளாக நறுக்கி, பனிக்குடப் படலத்தின்மீது பரப்புகின்றனர். மகப்பேற்றின்போது தாய்மார் கொடையாக அளித்து, தொற்று இல்லையெனச் சோதிக்கப்பட்ட படலம் அது. எலிச் செல்களுக்கு அங்கே வேலையில்லை. ஊடகத்தில் சேர்க்கும் சீரமும் கன்றினுடையதன்று. அந்நோயாளியின் குருதியிலிருந்தே பிரித்தெடுத்தது. பத்து முதல் பதினான்கு நாள்களில் செல்கள் படலத்தின்மீது ஒரே விரிப்பாகப் பரவுகின்றன. அவ்விரிப்பு அப்படியே கெட்ட கண்ணின்மீது பொருத்தப்படுகிறது.

நட்ட பயிர் நிலைத்ததா? விலங்குப் பொருள் கலவாத இம்முறையில் சிகிச்சை பெற்ற 200 பேரின் பத்தாண்டு முடிவுகளை அக்குழுவினர் 2011இல் வெளியிட்டனர். 71 விழுக்காட்டினரின் கார்னியா இரத்த நாளங்கள் படராமல் தெளிந்து நிலைத்திருந்தது. எஞ்சியோருக்கு வெற்றி கிட்டவில்லை என்பதையும் அவ்வெண்ணே உரைக்கிறது. எனினும் கன்றின் சீரமும் எலியின் செல்லும் இன்றியே செல் சிகிச்சை இயலும் என்பது நூற்றுக்கணக்கான கண்களில் மெய்ப்பிக்கப்பட்டது.

இவ்விடை எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது. கார்னியாவை மூட நகத்தளவு விரிப்பே போதும்; அதற்குச் சிறிது குருதியும் போதும். எலும்பு மஜ்ஜையின் இடையீட்டுத் திசுக் குருத்தணுக்களைக் கொண்டு செய்யப்படும் சோதனைச் சிகிச்சைகளிலோ உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து முதல் இருபது இலட்சம் செல்கள் செலுத்தப்படுவது வழக்கம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஆறு முதல் பன்னிரண்டு கோடி. அத்தனை செல்களை வளர்க்கும் அளவுக்கு நோயுற்றவர் உடலிலிருந்து குருதி எடுப்பது முறையாகாது.

ஐந்து நாள் ஆயுள்

சீரத்தின் ஆற்றல் தட்டுகளில் உள்ளதெனில், தட்டுகளையே நேரடியாகப் பயன்படுத்தலாமே என்னும் எண்ணம் இங்கே எழுகிறது. குருதிக்கொடையாகக் கிடைக்கும் இரத்தத்தைக் குருதி வங்கிகள் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டு எனப் பிரித்துச் சேமிக்கின்றன. சிவப்பணுக்களைக் குளிரில் பல வாரங்கள் வைத்திருக்கலாம். தட்டுகளைக் குளிர்பெட்டியில் வைப்பதில்லை. 20 முதல் 24 பாகை வெப்பத்தில், ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கின்றனர். ஐந்து நாள் கடந்தால் நோயாளிக்கு ஏற்ற இயலாது. டெங்கு பரவும் மழைக்காலத்தில் தட்டுகளுக்குத் தட்டுப்பாடு. மற்ற காலங்களில் ஒரு பகுதி வீணாவதும் உண்டு.

அவ்வாறு நாள் கடந்த தட்டுகளிலும் வளர்ச்சிக் காரணிகள் அழியாமல் உள்ளன. உறையவைத்து உருக்கி, மீண்டும் உறையவைத்து உருக்கினால், தட்டுகள் வெடித்துக் காரணிகள் நீரில் கலக்கின்றன. சிதைவுகளைச் சுழற்றி நீக்கினால் எஞ்சும் நீர்மமே தட்டுச்சாறு. பல கொடையாளர்களின் தட்டுகளைக் கலப்பதால் தொகுதிக்குத் தொகுதி வேறுபாடும் குறைகிறது. ஊடகத்தில் ஐந்து முதல் பத்து விழுக்காடு சேர்த்தால், இடையீட்டுத் திசுக் குருத்தணுக்கள் கன்றுக்கருச் சீரத்தில் வளர்வதைவிடப் பெரும்பாலும் விரைவாகவே பெருகுகின்றன.

ஓர் இடறல் மட்டும் இருக்கிறது. தட்டுச்சாற்றோடு பிளாஸ்மாவின் உறைபுரதமும் கலந்திருப்பதால், ஊடகத்தில் இட்டதும் அது கூழாக உறைந்துவிடுகிறது. அதைத் தடுக்க ஹெப்பாரின் என்னும் உறைவுத் தடுப்பான் சேர்க்கப்படுகிறது. வழக்கமாகக் கிடைக்கும் ஹெப்பாரினோ பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுவது! விலங்குப் பொருளை முன்வாயிலில் தடுத்தவர்கள் பின்வாயிலைத் திறந்துவிட்ட கதையாகிறது. உறைபுரதத்தை முன்னரே நீக்கி, ஹெப்பாரின் தேவைப்படாத தட்டுச்சாறு செய்யும் முறைகள் இதனால்தான் உருவாயின. 'விலங்குப் பொருளற்றது' என்னும் சிட்டையைக் காணும்போது, அதனுள் சேர்ந்த ஒவ்வொரு பொருளின் பிறப்பிடத்தையும் வினவுவது ஆய்வாளரின் கடமை.

பெருகினால் மட்டும் போதுமா?

குருத்தணு பெருகுவதும் குருத்தணுவாகவே நிலைப்பதும் ஒன்றல்ல. மிகையாக உரமிட்ட நாற்று தழைத்துச் சாய்வதுபோல, மிகையாகத் தூண்டப்பட்ட குருத்தணு முதிர்ந்து தன் இயல்பை இழக்கும். இரத்தக் குருத்தணுக்களில் இவ்வபாயம் பெரிது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றம் நடைபெற்று வருகிறது. அங்குள்ள மருத்துவர்கள், கடுமையான ஹீமோபிலியா நோயுற்ற ஐவரின் இரத்தக் குருத்தணுக்களை எடுத்து, இரத்தம் உறைவதற்கான மரபணுவை அவற்றில் புகுத்தி மீண்டும் செலுத்திய ஆய்வை 2024இல் வெளியிட்டனர். இவ்வகைச் சிகிச்சைகளில் செல்கள் வெளியே இருக்கும் காலம் இயன்றவரை குறைக்கப்படுகிறது. பொதுவாக, சீரத்துக்கு மாற்றாகத் தேர்ந்தெடுத்த சில வளர்ச்சிக் காரணிகளை மட்டும் அளந்து சேர்க்கின்றனர். செல்லைப் பெருக்குவதைவிட அதன் குருத்துத் தன்மையைக் காப்பதே அங்கே உணவின் பணி.

நெல்மணியில் அல்புமின்

விலங்கும் வேண்டாம், மனிதக் குருதியும் வேண்டாம் என்றால் வேறு எங்கே போவது? சீரத்தின் புரதங்களுள் பாதிக்கு மேற்பட்டது அல்புமின். அது கொழுப்பு அமிலங்களையும் ஹார்மோன்களையும் சுமந்து செல்லுக்கு வழங்குகிறது, நச்சுப்பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. மனித அல்புமினுக்கான மரபணுவை நெற்பயிரில் புகுத்தி, மணியிலேயே அப்புரதத்தைச் சேமிக்கச் செய்த ஆய்வை 2011இல் சீனாவின் வூகான் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஒரு கிலோ பழுப்பரிசியிலிருந்து ஏறத்தாழ 2.75 கிராம் அல்புமின் கிடைத்தது. நெல்லுக்கு மாட்டின் நோய்களோ மனிதரின் தொற்றுகளோ வருவதில்லை. நெல்மணியில் விளைந்த அல்புமின் செல் வளர்ப்புக்கான சேர்பொருளாக உலகச் சந்தைக்கும் வந்துள்ளது. இத்தகைய நெல் நம் வயல்களில் பயிரிடப்படுவதில்லை.

அல்புமினைப் போன்றே இன்சுலின், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், பல்வேறு வளர்ச்சிக் காரணிகள் ஆகியன நுண்ணுயிரிகளிலோ பயிர்களிலோ தனித்தனியே ஆக்கப்படுகின்றன. அவற்றை அளந்து கலந்தால், என்னென்ன உள்ளன என்பது முற்றிலும் அறியப்பட்ட ஊடகம் கிடைக்கும். விலை மிகுதி, ஒவ்வொரு செல்வகைக்கும் தனிக்கலவை தேவை. சீரம் என்பது பலர்க்கும் பொதுவான விருந்தெனில், இஃது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சமைக்கும் பத்தியச் சாப்பாடு.

நேரடி விதைப்பு

தண்ணீர் வரத்து நிச்சயமற்ற ஆண்டுகளில் கடைமடை உழவர் நாற்றங்காலைத் தவிர்த்து, நெல்லை வயலிலேயே நேரடியாக விதைப்பதுண்டு. ஐதராபாத் குழுவினர் 2012இல் அறிவித்த புதுமுறை அதனை ஒத்தது. நல்ல கண்ணிலிருந்து எடுத்த அதே இரண்டு மில்லிமீட்டர் துணுக்கை எட்டுப் பத்துத் துண்டுகளாக்கி, கெட்ட கண்ணின்மீது பரப்பிய பனிக்குடப் படலத்தில் ஃபைப்ரின் பசையால் ஒட்டினர். ஆய்வகம் இல்லை, ஊடகம் இல்லை, சீரமும் இல்லை. கண்ணே நாற்றங்கால், கண்ணீரும் திசுநீருமே உணவு. 125 கண்களில் இம்முறையைக் கையாண்ட முடிவுகள் 2016இல் வெளிவந்தன. 76 விழுக்காட்டில் வெற்றி கிட்டியது. உயர்நிலைத் தூய்மை ஆய்வகம் இல்லாத மருத்துவமனையிலும் பயிற்சி பெற்ற கண் மருத்துவர் இதனைச் செய்ய இயலும் என்பதால், பல நாடுகளுக்கும் இது பரவியது.

இரண்டு கண்களும் வெந்துபோனவருக்கு எடுத்து விதைக்கத் தம் லிம்பஸ் இல்லை. அத்தகையோருக்கு அவர்தம் வாயின் உட்சவ்விலிருந்து செல்களை எடுத்து வளர்த்து, கார்னியாவின்மீது பொருத்தும் முறையை ஜப்பானிய மருத்துவர்கள் 2004இல் வெளியிட்டனர். அச்செல்கள் விரிப்பாக வளர்வது இன்றும் ஆய்வகத் தட்டில்தான். அவற்றுக்கு எந்த உணவை இடுவது என்னும் வினாவும் அங்கே மீண்டும் எழுகிறது.